செவ்வாய்க்கிழமை

பள்ளிகொண்டாவுக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறோம்
என்று சொல்லித்தான் கிளம்பினோம்.
முழுப் பொய் இல்லை.
வண்டி பள்ளிகொண்டா வழியாகத்தான் போகிறது.

ஓட்டியது நாத்தனார் ரேணுகா,
ஓசூரிலிருந்து ஆடிக்கு வந்தவள்.
பின்னால் நான்,
மடியில் அர்ச்சனைக் கூடை,
அதில் ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், சூடம்.
காட்பாடி தாண்டுவதற்குள்
ஹெல்மெட்டில் முடி வெந்துவிட்டது.

பாலாற்றுப் பாலத்தில் வேகம் குறைத்தாள்.
"அண்ணி, தண்ணி!"
வாய்க்கால் அகலத்துக்கு ஒரு பட்டை.
அதில் ஒரு எருமை,
எருமைமேல் ஒரு கொக்கு.
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரை நாங்களே சொல்லிச் சிரிப்போம்.
வெளியூர்க்காரர் சொன்னால் கோபம் வரும்.
கோட்டை அகழி மட்டும் நிறைந்துகிடந்தது,
பச்சையாக,
குளிக்கவும் ஆகாமல் குடிக்கவும் ஆகாமல்.

பொய்கையில் மாட்டுச் சந்தை.
ரோட்டோரம் முழுக்க லாரி, வைக்கோல், மூத்திரம்.
துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துக்கொண்டு
இரண்டு பேர் வானத்தைப் பார்த்தபடி விலை பேசினார்கள்.
ரேணுகா வண்டியை நிறுத்தியே விட்டாள்.
"எத்தினி விரலு, சொல்லு?"
"மூணு."
"நாலு."
தோற்றவள் பில்லைக் கட்டுவதாகப் பந்தயம்.
துண்டு விலகவே இல்லை.
பசு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தது.

கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
அவள் பிரேக்கைத் தொடவில்லை.
"படுத்துதானே கீறாரு, எங்க போயிடப் போறாரு?
திரும்பும்போது பாத்துக்கலாம்."

ஆம்பூரை மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும்.
கொஞ்ச தூரம் தோல்,
அப்புறம் பட்டை, கிராம்பு,
அப்புறம் மூடிமேல் கங்கு கொட்டிய தேக்சா.
சீரகச் சம்பா
ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இலையில் சரிந்தது,
மிளகாய்ச் சிவப்பாய்.
ஓரத்தில் புளிப்பான கத்திரிக்காய், தயிரில் நனைந்த வெங்காயம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில்
முட்டைகூட உடையாது.

பக்கத்து மேஜையில் ஒரு அம்மாள்.
நெற்றியில் ஒரு ரூபாய் அகலக் குங்குமம்,
காலடியில் அச்சு அசலாக எங்களுடையதைப் போல ஒரு கூடை.
அவர் எங்களைப் பார்த்தார்.
நாங்கள் அவரைப் பார்த்தோம்.
பிறகு மூன்று பேரும் வெங்காயத்தைப் பார்த்தோம்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து
எனக்கு நல்லி வந்ததே இல்ல அண்ணி" என்றாள்,
சாதாரணமாக,
உப்பு குறைவு என்பதைப் போல.
என் இலையில் இருந்ததை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.
அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.
டொக்கென்று இலையில் தட்டி, கண்ணை மூடி உறிஞ்சினாள்.
கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும்.
கேட்கட்டும்.

அவளுடைய அம்மாவின் கைப்பக்குவத்தில்
எனக்கு எத்தனை தடவை நல்லி வந்தது என்று
அவள் கேட்கவில்லை.
பில்லை நான்தான் கொடுத்தேன்.

திரும்பும்போது நடை சாத்தியிருந்தது.
சோப்புப் போட்டு இரண்டு முறை, எலுமிச்சை தேய்த்து ஒரு முறை
கழுவியும்
விரலில் கிராம்பு அப்படியே இருந்தது.
உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறார்,
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று
வெளியே நின்று கணக்குப் போட்டோம்.
திறக்கும்வரை நிற்க இருவருக்கும் தைரியம் இல்லை.

சந்தையருகே சாக்கு விரித்திருந்தவரிடம்
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ.
எடுக்கும்போது காம்பு குத்தி
ஆள்காட்டி விரலில் ஒரு பொட்டு ரத்தம்.
"தண்டனை இவ்ளோதானா?" என்றாள் ரேணுகா.

வாசலில் அத்தை.
"தரிசனம் நல்லபடியா ஆச்சா?"
"கூட்டமே இல்லம்மா."
கூடையை வாங்கினார்.
முழுத் தேங்காய்.
எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.
தண்ணீர் சளக்கென்றது.

எங்களை ஒரு தடவை,
கத்திரிக்காயை ஒரு தடவை பார்த்தார்.
"குழம்புக்கு அரைக்க ஆச்சு" என்று
அருவாமனையைத் தேடி உள்ளே போனார்.